பாறையின் மேனி, தூரிகையின் கோடு: சீன மையோவியத்தில் மலை வரைந்த வரலாறு

சீன ஓவிய மரபில் ‘ஷான்சுய்’ எனப்படும் நிலக்காட்சி ஓவியம், அதாவது மலையையும் நீரையும் முதற்பொருளாகக் கொண்டு மனிதரைச் சிறு உருவங்களாக ஒதுக்கிவைக்கும் ஓவியவகை, 10ஆம் நூற்றாண்டிலிருந்து பிற எல்லா வகைகளுக்கும் மேலாக மதிக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வோவியங்களில் நீரை வரைவது ஒப்பளவில் எளிது. பட்டையோ தாளையோ தொடாமல் விட்டுவிட்டால் அந்த வெற்றிடமே ஆறாகவும் அருவியாகவும் மூடுபனியாகவும் நின்றுகொள்ளும். பாறை அவ்வளவு இணக்கமானதன்று. அதற்குப் புறக்கோடு மட்டும் போட்டால் தட்டையாகிவிடும். மையை அப்படியே பூசினால் கறையாகிவிடும். அதன் திரட்சி, கடினம், வெடிப்பு, மழையும் பனியும் காலங்காலமாக அரித்துவிட்ட தழும்பு ஆகிய அனைத்தையும் வண்ணத்தின் துணையின்றிக் கறுப்பு மையாலும் நீராலும் மட்டுமே காட்டியாக வேண்டிய நெருக்கடியில் பிறந்ததே ‘சுன்’ என்னும் கோட்டுமுறை. குளிரில் தோல் வெடித்துச் சுருங்குவதைக் குறிக்கும் அச்சொல், ஓவியத்தில் புறக்கோட்டுக்கு உள்ளே பாறையின் மேற்பரப்பைக் காட்ட இடப்படும் சிறு கோடுகளுக்கும் புள்ளிகளுக்கும் பெயராயிற்று. இக்கட்டுரையில் அது மேனிக்கோடு என்று வழங்கப்படும்.

இம்முறை தோன்றுவதற்கு முன்பு மலை எப்படி வரையப்பட்டது என்பதைத் தாங் வமிசக் காலத்து எழுத்தாளர் ஜாங் யான்யுவான், 847ஆம் ஆண்டில் முடித்த தம் ஓவிய வரலாற்று நூலில் சற்றே ஏளனத்துடன் பதிவு செய்திருக்கிறார். பழைய ஓவியங்களில் மனிதர் மலையைவிடப் பெரிதாக நிற்பதையும், ஓடம் மிதக்கும் அளவுக்குக்கூட ஆற்றில் நீரில்லாததையும், மரங்கள் விரல் விரித்த கைகளாக வரிசைகட்டி நிற்பதையும் அவர் சுட்டுகிறார். ஜான் ஜிசியான் பெயரால் வழங்குவதும் இப்போது பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருப்பதுமான ‘வசந்த உலா’ என்னும் சுருளைப் பார்த்தால் பழைய முறை விளங்கும். அதில் மலைகளுக்கு ஒரே பருமனுள்ள மெல்லிய புறக்கோடு இடப்பட்டு, உள்ளே நீலமும் பச்சையும் நிரப்பப்பட்டுள்ளன. அவ்வண்ணங்கள் செம்புத் தாதுக்களை அரைத்து எடுத்தவை. கல்லை அரைத்தே கல்லுக்கு மேனி கொடுத்தார்கள் என்று சொல்லலாம். கண்ணுக்கு இனியதாயினும், அந்த மலையில் எது மண், எது பாறை, எது கரடு, எது வழவழப்பு என்று பிரித்தறிய வழியில்லை.

வண்ணத்தை விலக்கி மையை முதன்மைப்படுத்தும் போக்கு தாங் காலத்தின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. சீன மை என்பது பைன் மரத்தையோ எண்ணெயையோ எரித்துச் சேர்த்த புகைக்கரியை, விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் வச்சிரப் பசையோடு கலந்து இடித்து, அச்சில் வார்த்து உலர்த்திய கட்டி. மரப்புகை மை மங்கலான கருமையும் எண்ணெய்ப்புகை மை பளபளப்பும் தருவதால், எதை எங்கே பயன்படுத்துவது என்பதே ஒரு தேர்வு. கட்டியை மைக்கல்லில் சிறிது நீர்விட்டு உரைத்தெடுத்தபின், மேலும் நீர் சேர்க்கச் சேர்க்க, கரிக்கறுப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத சாம்பல்வரை படிநிலைகள் கிடைக்கின்றன. மைக்குள்ளேயே ஐந்து நிறங்கள் அடங்கியுள்ளன என்று ஓவிய நூல்கள் கூறுவது இதைத்தான். பட்டின்மீதோ தாளின்மீதோ ஒருமுறை பட்ட மையைத் துடைக்கவோ சுரண்டவோ முடியாது. ஆகவே நீர்த்த மையை முதலில் இட்டு, உலரவிட்டு, அதன்மேல் அடர்மையை ஏற்றிக்கொண்டே போவதுதான் வழி. வெளிச்சம் வேண்டிய இடத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைக்க வேண்டும், பின்னால் வெள்ளையைக் கொண்டுவந்து சேர்க்க இயலாது.

தாங் ஆட்சி 907இல் வீழ்ந்தபின் வந்த குழப்பக் காலத்தில், தாய்ஹாங் மலைத்தொடருக்குள் ஒதுங்கி வாழ்ந்த ஜிங் ஹாவ் என்பவர் இந்தத் தொழில்நுட்பத்தை ஒரு கோட்பாடாக மாற்றினார். தமக்கு முன்னிருந்த வூ தாவோசியிடம் தூரிகை இருந்தது, மை இல்லை. சியாங் ரோங்கிடம் மை இருந்தது, தூரிகை இல்லை. இரண்டையும் தாம் சேர்க்கப் போவதாக அவர் கூறினார் என்பது மரபு. இங்கே தூரிகை என்பது கோட்டின் உறுதியையும், மை என்பது நீர்த்த பூச்சின் ஏற்ற இறக்கத்தையும் குறிக்கும். அவர் எழுதிய ‘தூரிகைமுறைக் குறிப்புகள்’ என்னும் சிறு நூல், மலைக்காட்டில் ஒரு முதியவரைச் சந்தித்து அவரிடம் கேட்டறிந்ததாக உரையாடல் வடிவில் அமைந்தது. அந்நூல் வற்புறுத்தும் செய்தி எளியது: வடிவத்தை ஒத்திருப்பது வேறு, பொருளின் உண்மையை எட்டுவது வேறு. பின்னாளில் வகுத்துச் சொல்லப்பட்ட வேலை வரிசையும் இவ்விரண்டின் சேர்க்கையே. முதலில் புறக்கோடு, அடுத்து மேனிக்கோடு, பின் பாதி உலர்ந்த தூரிகையின் பக்கவாட்டால் தேய்த்தல், அதன்மேல் நீர்த்த மைப்பூச்சு, இறுதியில் பாசியையும் புதரையும் குறிக்கும் புள்ளிகள். பாறைக்கு மூன்று முகங்கள் உண்டு என்பது இத்தொழிலின் முதற்பாடம். ஒரு முகத்தை வெறுமையாக விட்டு, மற்ற இரண்டில் கோடுகளை நெருக்கினால்தான் கல் எழுந்து நிற்கும்.

இவ்வரிசையில் இரண்டாவதாக வரும் மேனிக்கோடு எந்த வடிவில் அமைய வேண்டும் என்பதை முதல் தலைமுறையினருக்கு எந்த நூலும் சொல்லவில்லை. அவர்கள் வாழ்ந்த நிலத்துப் பாறையே சொன்னது. இதற்கு ஃபான் குவானைவிடச் சிறந்த சான்று இல்லை. ஷான்சி பகுதியைச் சேர்ந்த அவர், முன்னோடியான லி செங்கின் ஓவியங்களைப் பார்த்துப் பயின்றவர் என்றும், பிறகு மனிதரிடம் கற்பதைவிடப் பொருள்களிடமே கற்பது மேல் என்று முடிவு செய்து ஜோங்நான், ஹுவாஷான் மலைப்பகுதிகளில் குடியேறினார் என்றும் 1120ஆம் ஆண்டு அளவில் தொகுக்கப்பட்ட அரசு ஓவியப் பட்டியல் தெரிவிக்கிறது. தைபே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்திலுள்ள அவருடைய ‘மலைகளும் ஓடைகளும் நடுவே பயணிகள்’ என்னும் தொங்குசுருள், 206.3 சென்டிமீட்டர் உயரமும் 103.3 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பட்டோவியம். அதன் மேற்பகுதி முழுவதையும் ஒரே ஒரு பாறைச்சுவர் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் பிளவொன்றில் நூல்போல இறங்கும் அருவி, மூடுபனிப் பட்டையில் மறைந்து, கீழே ஓடையாக வெளிப்படுகிறது. வலது மூலையில் சுமையேற்றிய கோவேறு கழுதைகளையும் அவற்றை ஓட்டிச் செல்வோரையும் தேடித்தான் காண வேண்டும்.

அந்தச் சுவரின் அருகே சென்று பார்த்தால், அது ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு குத்துகளால் ஆனது என்பது தெரியும். தூரிகையின் நுனியைப் பட்டில் குத்திச் சட்டென்று எடுப்பதால் தலை பருத்தும் வால் சிறுத்தும் விழும் இக்குறிகளுக்கு ‘மழைத்துளி மேனிக்கோடு’ என்று பெயர். வரிபோல் எங்கும் ஓடாமல், ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் விழும் இத்துளிகளின் அடர்த்தியே நிழலாகிறது. வடநாட்டு வறண்ட மலைகளில் உறைபனியும் காற்றும் கொத்திக் கொத்தித் தின்ற பாறை முகத்தைக் கையால் திரும்பக் கொத்துவது போன்ற உழைப்பு இது. இத்தனை உழைத்த ஓவியர் தம் பெயரை எழுத ஒரு மூலையைக்கூட ஒதுக்கவில்லை என்றே ஏறத்தாழ 950 ஆண்டுகள் எண்ணப்பட்டது. 1958இல் அருங்காட்சியகத்தின் ஆய்வாளர் லி லின்சான், கழுதைகளுக்குப் பின்னாலுள்ள இலைகளுக்கிடையே ஒளிந்திருந்த அவர் பெயரின் இரண்டு எழுத்துகளைக் கண்டுபிடித்தார்.

யாங்சி ஆற்றுக்குத் தெற்கே நிலைமை முற்றிலும் வேறு. தென் தாங் அரசில் நான்ஜிங் பகுதியில் வாழ்ந்த டொங் யுவானின் கண்முன் இருந்தவை செங்குத்துச் சுவர்கள் அல்ல. மண் மூடிய, ஈரம் நிறைந்த, உருண்ட குன்றுகள். அவற்றில் கொத்திய தழும்பு ஏது? மழைநீர் வழிந்த தாரைகளும் புல்லின் சாய்வும்தான் உண்டு. எனவே தூரிகையை நிமிர்த்திப் பிடித்து, நுனி கோட்டின் நடுவே செல்லுமாறு, நீண்டு தளர்ந்த கோடுகளை மேலிருந்து கீழாக ஒன்றன்மேல் ஒன்று படரவிடும் ‘சணல்நார் மேனிக்கோடு’ அங்கே உருவாயிற்று. சிக்கெடுத்துத் தொங்கவிட்ட நார்க்கற்றையை நினைவூட்டுவதால் வந்த பெயர் இது. அவர் வழிவந்த பௌத்தத் துறவி ஜூரான், 975இல் தென் தாங் அரசு சோங் வமிசப் படைகளிடம் வீழ்ந்தபோது தம் அரசருடன் வடக்கே கைஃபெங் நகருக்குச் சென்றார். அவரோடு தென்னாட்டுக் குன்றும் தலைநகருக்குப் போய்ச்சேர்ந்தது. ஆனால் வடநாட்டுப் பெருமலைகளுக்குப் பழகிய கண்கள் அதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. டொங் யுவானின் புகழ் ஓங்கியது, ஒரு நூற்றாண்டு கழித்து மி ஃபூ (1051-1107) என்ற எழுத்தணிக் கலைஞர் அவரைத் தூக்கிப் பிடித்த பிறகே.

சோங் அரசவையில் பேரரசர் ஷென்சோங்கின் அன்புக்குரியவராக விளங்கிய குவோ சி, பாறையை இன்னொரு கோணத்தில் அணுகினார். அவருடைய கருத்துகளை மகன் குவோ சி தொகுத்த நூல் (தந்தை, மகன் பெயர்கள் தமிழில் ஒன்றாக ஒலித்தாலும் சீனத்தில் வேறு) மலையைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் உயரத் தொலைவு, முன்மலை வழியே பின்மலைக்குள் நோக்கும் ஆழத் தொலைவு, அண்மை மலையிலிருந்து சேய்மையை நோக்கும் சமத் தொலைவு என்று மூன்று பார்வைகளை வகுக்கிறது. கல்லை விண்ணுக்கும் மண்ணுக்கும் எலும்பாகவும் நீரை இரத்தமாகவும் கொள்ளும் அந்நூல், எலும்பு வெளியே துருத்தலாகாது என்றும் எச்சரிக்கிறது. 1072இல் அவர் கையெழுத்திட்ட ‘முன்வசந்தம்’ என்னும் பட்டோவியத்தில் பாறைகள் மேகத்தைப்போலச் சுருண்டு எழுகின்றன. நீர்த்த மையை ஈரம் காயுமுன் அடுக்கடுக்காகச் சேர்த்ததால், எங்கே கல் முடிந்து எங்கே பனி தொடங்குகிறது என்று வரையறுக்க முடிவதில்லை. அரசவைச் சுவை மாறுவதற்கு அதிகக் காலம் பிடிக்கவில்லை. ஷென்சோங்கின் மகன் ஹுய்சோங் ஆட்சிக்கு வந்தபின் குவோ சியின் ஓவியங்கள் சுவர்களிலிருந்து அகற்றப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டன. பணியாள் ஒருவர் மேசை துடைக்க எடுத்திருந்த பழம்பட்டைப் பிரித்துப் பார்த்தால் அது குவோ சியின் மலையாக இருந்தது என்று டெங் சுன் என்பவர் தம் தந்தையின் அனுபவமாக எழுதிவைத்துள்ளார்.

ஹுய்சோங் காலத்தில்தான், 1121இல் ஹான் ஜுவோ எழுதிய நிலக்காட்சி ஓவிய நூலில், மேனிக்கோடுகள் பெயரிடப்பட்டு வரிசையாகத் தோன்றுகின்றன. இது சாதாரண நிகழ்ச்சியன்று. அதுவரை ஓவியரும் பாறையும் நேருக்கு நேர் நின்று தீர்த்துக்கொண்ட ஒரு சிக்கல், இனிப் பெயர் சொன்னால் கைக்கு வந்துவிடும் சரக்காக மாறுவதற்கு அதுவே தொடக்கம். ஆயினும் பெரிய கண்டுபிடிப்பொன்று அப்போதும் மீதமிருந்தது. அரசு ஓவியக் கழகத்தைச் சேர்ந்த லி தாங், 1124இல் வரைந்த ‘பல்லாயிரம் பள்ளத்தாக்குகளின் பைன்காற்று’ என்னும் ஓவியத்தில், ஒல்லியான ஒரு தொலைமலையின் மேலேயே ஆண்டையும் தம் பெயரையும் கல்வெட்டைப்போல எழுதியிருக்கிறார். அதன் பாறைகள் உளியால் செதுக்கிய முகங்களோடு, கூர்விளிம்புகளோடு நிற்கின்றன. இன்று அது மையோவியமாகவே தோன்றினாலும், முதலில் அதன்மேல் நீலமும் பச்சையும் பூசப்பட்டிருந்தன. அவை உதிர்ந்து போனதால் மேனிக்கோட்டின் எலும்பு வெளிப்பட்டது பிற்காலத்தாருக்கு வாய்த்த பேறு.

‘கோடரிவெட்டு மேனிக்கோடு’ எனப்படும் அம்முறையைக் கையாளுவதற்குத் தூரிகையைச் சாய்த்துப் பிடித்து, மயிர்க்கற்றையின் வயிறு பட்டில் படுமாறு அழுத்தி, பக்கவாட்டில் சட்டென்று இழுத்து விலக்க வேண்டும். தொடக்கத்தில் தூரிகை பதிந்த விளிம்பு கூர்மையாகவும் அடர்த்தியாகவும் இருக்க, இழுப்பின் முடிவில் மை தீர்ந்து மயிர்கள் பிரிவதால் சொரசொரப்பான வெண்கீற்றுகள் விழும். ஒரே வீச்சில் பிளவின் விளிம்பும் அதன் சரிவும் சேர்ந்து கிடைத்துவிடும். கை தயங்கினால் மை தேங்கி வெட்டு மழுங்கிவிடும் என்பதால் இதில் வேகம் இன்றியமையாதது. 1127இல் ஜுர்ச்சென் படைகள் கைஃபெங்கைக் கைப்பற்றியபின் அரசு தெற்கே ஹாங்சோவுக்குப் பெயர்ந்தது. முதிய வயதில் லி தாங்கும் அங்கே சென்று சேர்ந்தார். அவரைப் பின்பற்றிய மா யுவானும் சியா குய்யும் அவ்வெட்டைப் பெரிதாக்கி, ஈரமாக்கி, ஒரு பாறைக்கு நான்கைந்து வீச்சு போதும் என்ற அளவுக்குச் சுருக்கினார்கள். மலை சட்டத்தின் ஒரு மூலைக்கு ஒதுங்கியது. எஞ்சிய பரப்பைப் பனி எடுத்துக்கொண்டது. ஹாங்சோவின் ஏரிக்கரையில் வடநாட்டுப் பாறைச்சுவர் கிடையாது. அந்த வெட்டு இனி நினைவிலிருந்தும் ஆசிரியரிடமிருந்தும் வந்தது.

மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்தில், பதவியை விட்டு விலகியும் விலக்கப்பட்டும் இருந்த அறிஞர்கள் கையில் ஓவியம் வந்தபோது இன்னொரு திருப்பம் நேர்ந்தது. அவர்கள் பட்டைவிடத் தாளை விரும்பினர். பதப்படுத்தப்படாத தாள் ஈர மையை உடனே உறிஞ்சிப் பரப்பும். உலர்ந்த தூரிகையை அதன்மேல் இழுத்தாலோ ஒவ்வொரு மயிரின் அசைவும் பதிவாகும். இந்த இரண்டாவது பண்பே அவர்களை ஈர்த்தது, ஏனெனில் அவர்கள் அனைவரும் எழுத்தணிக் கலையில் வளர்ந்தவர்கள். ஜாவ் மெங்ஃபூ (1254-1322) தம் பாறையோவியம் ஒன்றின் ஓரத்தில், கல்லை ‘பறக்கும் வெண்மை’ என்னும் எழுத்துவகையைப்போல, அதாவது உலர்தூரிகை விரைந்தோடிக் கோட்டுக்குள் வெள்ளைக் கீற்றுகளை விட்டுச்செல்லும் முறையில் எழுத வேண்டும் என்று குறித்தார். பாறையை வரைவது மாறி, பாறையை எழுதுவது தொடங்கிற்று. ஹுவாங் கோங்வாங் (1269-1354) எழுபது வயதுக்குப் பின் 1347இல் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்குமேல் விட்டுவிட்டு வரைந்த ‘ஃபூச்சுன் மலைவாசம்’ என்னும் கைச்சுருளில், டொங் யுவானின் சணல்நார்க்கோடு ஆற்றோரக் குன்றுகளின்மேல் மூச்சைப்போல ஏறி இறங்குகிறது. அதில் பார்ப்பவர் முதலில் காண்பது கையின் நடையை, அடுத்துத்தான் மண்ணை. நீ ஜான் (1301-1374) படுக்கைவசமாகக் கோடிழுத்துச் சட்டென்று கீழே மடக்கும் ‘மடித்த கச்சை’ முறையை உருவாக்கினார். தாய் ஏரிப் பகுதியின் தட்டடுக்குக் கரைப்பாறைகளுக்கு அது பொருந்தியது. வாங் மெங் (1308-1385) மாட்டுமயிர் போன்ற நுண்கோடுகளையும் பிரிந்த கயிறு போன்ற முறுக்குகளையும் நெருக்கி அடைத்து, 1366இல் வரைந்த ‘சிங்பியான் மலைவாசம்’ ஓவியத்தில் மலையையே புரண்டெழச் செய்தார்.

ஃபூச்சுன் சுருளின் பிற்காலக் கதை, அறிஞர் ஓவியத்தின்மீது சீனர்கள் கொண்ட பற்றின் அளவைச் சொல்லும். 1650இல் அதன் உரிமையாளர் வூ ஹோங்யூ, சாகும் தறுவாயில் அதைத் தம்மோடு எடுத்துச்செல்ல விரும்பித் தீயில் இடச் சொன்னார். உறவினர் ஒருவர் பாய்ந்து எடுத்தும், சுருள் எரிந்து இரண்டாயிற்று. 51.4 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறுபகுதி ஜெஜியாங் மாநில அருங்காட்சியகத்திலும், 636.9 சென்டிமீட்டர் நீளமுள்ள பெரும்பகுதி தைபேயிலும் உள்ளன. 2011இல் தைபேயில் இரண்டும் அருகருகே வைத்துக் காட்டப்பட்டன. இடையில் 18ஆம் நூற்றாண்டில் பேரரசர் சியான்லோங், போலிப் பிரதியொன்றை மூலமென நம்பி அதன்மீது வெற்றிடம் தீரும்வரை குறிப்புகள் எழுதி மகிழ்ந்தார். மூலம் கைக்கு வந்தபோது அதைப் போலி என்று முடிவு கட்டினார். அவருடைய அந்தத் தவறுதான் மூலத்தைப் பேரரசரின் மையிலிருந்து காப்பாற்றியது.

பெயர்களும் ஆசிரியர்களும் இவ்வாறு பெருகிக்கொண்டிருந்தபோது, மருத்துவ நூலாசிரியராகவும் பெயர் பெற்ற வாங் லூ என்பவர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஐம்பது வயதை ஒட்டிய நிலையில், ஹுவாஷான் மலையில் ஏறினார். மா யுவான், சியா குய் மரபில் பயின்ற அவர், இறங்கி வந்து வரையத் தொடங்கியபோது, கற்றிருந்த முறைகள் எதிலும் அந்த மலை அடங்க மறுத்தது. செங்குத்தாக எழும் கருங்கல் சுவர்களும் சங்கிலியைப் பிடித்து ஏறும் பிளவுகளும் எந்தக் குருவின் பட்டியலிலும் இல்லை. முதலில் வரைந்தவை நிறைவளிக்காமல், மலையின் நினைவு உண்ணும்போதும் உறங்கும்போதும் உடனிருக்க, 40 ஓவியங்களை அவர் மீண்டும் வரைந்தார். அத்தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில், தமக்கு ஆசான் தம் உள்ளம், உள்ளத்துக்கு ஆசான் கண், கண்ணுக்கு ஆசான் அந்த மலை என்ற பொருளில் தம் நிலைப்பாட்டை விளக்கினார். ஃபான் குவான் சொன்னதாக வழங்கும் கருத்தையே நான்கு நூற்றாண்டுகள் கழித்து மற்றொருவர் தாமாகக் கண்டடைய வேண்டியிருந்தது. அவருக்கு மாணவர் பரம்பரை அமையவில்லை; தொகுப்பும் இன்று பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலுமாகப் பிரிந்து கிடக்கிறது.

வரலாறு வேறு திசையில் நகர்ந்தது. மிங் காலத்தின் பிற்பகுதியில் டொங் சிச்சாங் (1555-1636) என்ற உயர் அதிகாரி, ஓவியர்களை ஜென் பௌத்தப் பிரிவுகளின் மாதிரியில் தென்மரபு, வடமரபு என இரண்டாகப் பிரித்தார். டொங் யுவான், ஜூரான், யுவான் காலத்து அறிஞர்கள் ஆகியோர் தென்மரபு. லி தாங், மா யுவான், சியா குய் முதலிய தொழில்முறை ஓவியர்கள் வடமரபு. நிலவியலோடு இப்பகுப்புக்கு எந்தத் தொடர்பும் இல்லை. வடமரபுக்காரர் பலர் தெற்கிலேயே வாழ்ந்தவர்கள். ஆனால் இதன் விளைவு கடுமையானது. மேனிக்கோடு குலம் பார்க்கத் தொடங்கிற்று: சணல்நார்க்கோடு அறிஞனுடையது, கோடரிவெட்டு கூலிக்கு வரைபவனுடையது என்றாகி, எந்தப் பாறையைப் பார்க்கிறோம் என்பதைவிட யாருடைய வரிசையில் நிற்கிறோம் என்பதே கோட்டைத் தேர்ந்தெடுத்தது. 1679இல் நான்ஜிங்கில் வெளிவந்த ‘கடுகுவிதைத் தோட்ட ஓவிய நூல்’ இந்த அறிவை எல்லாருக்கும் திறந்துவிட்டது. வாங் காய் தொகுத்த அந்த மரக்கட்டை அச்சு நூல், பாறைகளை ஓவியர்வாரியாகவும் கோடுவாரியாகவும் பிரித்துக் காட்டி, குருவில்லாதவரும் பயில வழிசெய்தது. சீனாவிலும் ஜப்பானிலும் பல தலைமுறைகள் அதில் பயின்றன. அதன் குறைபாடு கருவியிலேயே இருந்தது. செதுக்கிய கட்டை கோட்டைத் துல்லியமாக ஏந்தும். நீர்த்த மையின் படிநிலைகளை அவ்வளவு எளிதில் ஏந்தாது. ஆகவே மேனிக்கோடு தன் ஈரத்தையும் தேய்ப்பையும் இழந்து, அகரவரிசையைப்போல மனப்பாடம் செய்யத்தக்க குறிகளாகப் பரவியது.

அதே நூற்றாண்டில், மஞ்சு படைகளிடம் மிங் அரசு வீழ்ந்தபின் துறவு பூண்ட சிலர், ஆன்ஹுய் பகுதியின் ஹுவாங்ஷான் மலைக்குள் நடமாடிக்கொண்டிருந்தனர். அது பெருங்கருங்கல் மலை. இயற்கையான விரிசல்களில் நேர்கோடாகப் பிளந்து, பலகைகளாகவும் கம்பங்களாகவும் நிற்பது. அதன் முகத்தில் நார் இல்லை, துளி இல்லை, வெட்டும் அதிகம் இல்லை. அருகிலுள்ள ஷெ வட்டத்தில் பிறந்த ஹொங்ரென் (1610-1664) நீ ஜானை வழிபட்டவராயினும், அம்மலையை வரைந்தபோது மேனிக்கோட்டையே பெரும்பாலும் கைவிட்டார். ஒல்லியான, உலர்ந்த புறக்கோடுகளால் சதுரங்களையும் செவ்வகங்களையும் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, உள்ளே தாளை வெறுமையாக விட்டார். அந்த வெறுமைதான் கருங்கல்லின் வழுக்குமேனி. மலையே கோட்டைத் தீர்மானிக்க வேண்டும் என்பதை ஷிதாவ் (1642-1707) சொல்லாலும் நிலைநாட்டினார். அவருடைய ஓவிய உரைநூலில் மேனிக்கோட்டுக்கென்றே ஓர் இயல் உண்டு. சிகரங்களின் வடிவும் இயல்பும் வேறு வேறானவை, ஆகவே கோடுகளின் பெயர்கள் சிகரங்களிலிருந்து வந்தவையே. கோட்டை மட்டும் தெரிந்துகொண்டு மலையை அறியாதவன் கையில் அது வெறும் மேற்பூச்சு என்பது அவ்வியலின் சாரம். மேனிக்கோட்டைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் இதுவே மிகத் தெளிவானது எனலாம்.

இக்கருத்துக்கு மிக வலுவான செயல்விளக்கம் சீனாவுக்கு வெளியே, கொரியாவில் அமைந்தது. சீன முறைகளை நன்கு கற்ற ஜொங் சொன் (1676-1759), தம் நாட்டு மலைகளை நேரில் கண்டு வரையும் வழக்கத்தை நிலைநிறுத்தியவர். 1734இல் அவர் வரைந்த வைரமலை முழுக்காட்சியில், வெண்கருங்கல் ஊசிமுனைகள் அனைத்தும் தூரிகையை மேலிருந்து கீழாக நேரே இறக்கிய கூர்கோடுகளால் எழுகின்றன. அவற்றைச் சூழ்ந்த மண்குன்றுகளோ ஈரமான கிடைப்புள்ளிகளால் மென்மையாகத் திரள்கின்றன. ஒரே தாளில் இரண்டு மேனிக்கோடுகள், இரண்டு நிலவியல்கள். 1751இல், எழுபத்தைந்து வயதைக் கடந்தபின், சியோல் நகரின் மேற்கே நிற்கும் இன்வாங் மலையை மழை விட்ட வேளையில் அவர் வரைந்தார். அம்மலையின் பாறை வெயிலில் வெண்மையானது. அவர் அதை அகன்ற தூரிகையால் அடர்மையை மீண்டும் மீண்டும் இழுத்துக் கன்னங்கரேலென்று ஆக்கினார். நனைந்த கருங்கல்லின் கனத்தைக் காட்டுவதற்காகக் கண் கண்ட நிறத்தையே தலைகீழாக்கிய இத்துணிவு, எந்தப் பயிற்சி நூலிலும் கிடைக்கக்கூடியதன்று.

இருபதாம் நூற்றாண்டில் மேனிக்கோடு மறுபடியும் ஒருமுறை பிறந்தது. ஜப்பானியப் படையெடுப்பினால் மேற்கே இடம்பெயர்ந்த ஃபூ பாவ்ஷி (1904-1965), 1939 முதல் சோங்சிங் நகருக்கு அருகிலுள்ள மலைச்சரிவில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். ஷிதாவின் வாழ்க்கையையும் ஓவியங்களையும் ஆராய்ந்து எழுதிய அறிஞர் அவர். ஓயாத மழையும் மூடுபனியும் அடர்புதரும் சேர்ந்த அந்தச் சரிவுகளில் பாறை முழு உருவில் தெரிவதே இல்லை. அதற்கேற்ப, முனை கூட்டிய தூரிகையை விட்டு, மயிர்கள் விரிந்து சிதறுமாறு தூரிகையைத் தாளில் அழுத்திச் சுழற்றி வீசும் முறையை அவர் கைக்கொண்டார். கோடு, தேய்ப்பு, பூச்சு என்று பழைய நூல்கள் வரிசைப்படுத்திய படிகள் ஒரே வீச்சில் கலந்து, மழையில் கரைந்து நிற்கும் பாறை வெளிப்பட்டது. 1960இல் ஜியாங்சு மாநில ஓவியர் குழுவுக்குத் தலைமையேற்று நாட்டின் பல மாநிலங்களுக்கு அழைத்துச் சென்றபோது, ஃபான் குவானும் வாங் லூவும் நின்ற ஹுவாஷான் அடிவாரத்தில் அவரும் நின்று வரைந்தார். அவருடைய சிதறுதூரிகைக் கோட்டுக்குச் சீன ஓவியக் கல்லூரிகளில் இப்போது ‘பாவ்ஷி மேனிக்கோடு’ என்று பெயர். சணல்நார், மழைத்துளி, கோடரிவெட்டு ஆகியவற்றை அடுத்து அதுவும் பாடத்திட்டத்தில் சேர்ந்துவிட்டதால், சோங்சிங்கின் மழையைக் கண்டறியாத மாணவர்களும் அதை நகலெடுத்துப் பழகுகிறார்கள்.